வீட்டுக்கு ஒருவர்

தலைமன்னார்
1943, ஷஃபான் மாதம்
வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுது வந்தபின்

கடல் கடந்து இருக்கும் என் மூத்த மகன் வஸீருக்கு, உன் வாப்பா அபூசாலியின் ஸலாம்.

அஸ்ஸலாமு அலைக்கும். நீயும் உன்னோடு பட்டாளத்தில் இருக்கும் பிள்ளைகளும் சுகமாக இருக்க அல்லாஹ் துணை செய்வானாக. இங்கே உன் உம்மா சித்தி மரியம், உன் பெண்சாதி ஸுஹறா, தம்பி பக்கீர், நான், நாலு பேரும் சுகம். வெள்ளாடு இரண்டு குட்டி போட்டது. இரண்டும் கிடாய்.

இது ஸுஹறாவின் எழுத்து இல்லை என்று உறையைப் பிரித்த உடனேயே கண்டிருப்பாய். அவளுடைய எழுத்து கோத்த மணி மாதிரி இருக்கும். இதுவோ வலையில் அகப்பட்ட நண்டு போல நாலு பக்கமும் கால் நீட்டிக்கொண்டு நிற்கிறது. மகன், இது என் கை எழுத்து. நான்தான் எழுதுகிறேன். ஒரு சொல் எழுதி முடிந்ததும் தள்ளிப் பிடித்துப் பார்க்கிறேன். நான் எழுதியதுதானா என்று எனக்கே சந்தேகம் வருகிறது. பிறகு சிரிப்பு வருகிறது.

சிறு வயதில் குர்ஆன் ஓதக் கற்றுக்கொண்டேன். தமிழ் எழுத்து மட்டும் என்னை அண்டாமலே இருந்துவிட்டது. போன நோன்புப் பெருநாளுக்குப் பிறகு ஒரு நாள் ஸுஹறா, "மாமா, சும்மா இருந்து கடலைப் பாக்கிற நேரத்துக்கு நாலு எழுத்துப் பழகுங்களன்" என்றாள். முற்றத்து மணலில் ஈர்க்கால் எழுதிக் காட்டினாள். நான் அதன் கீழே எழுதினேன். உன் உம்மா கோழிக்குத் தீன் போட வந்து, என் எழுத்துகளை மிதித்துக்கொண்டு போவாள். "கிழவன் பள்ளிக்கூடம் போறார், வழி விடுங்கோ" என்று கோழிகளுக்குச் சொல்லுவாள். இப்போது அரிசிக் கூப்பனைக் கொண்டுவந்து, இதில் என்ன போட்டிருக்கிறது என்று என்னிடம்தான் கேட்கிறாள்.

ஒரு வேடிக்கை கேள். கப்பல் கட்டுகிற பியரடியில் யுத்தம் தொடங்கியபோது ஒரு பலகை நட்டார்கள் அல்லவா? நான் அதைக் கடந்து எத்தனையோ தரம் உள்ளே போய், தெரிந்தவர்களோடு கதைத்துவிட்டு வந்திருக்கிறேன். போன மாதம் அதன் முன்னால் நின்று எழுத்துக் கூட்டி வாசித்தேன். அனுமதி இல்லாமல் இதற்கு அப்பால் போகக்கூடாது என்று இருந்தது. வாசித்த பிறகு எப்படிப் போவது? திரும்பி வந்துவிட்டேன். எழுத்து வந்ததால் எனக்குக் கிடைத்த முதல் நட்டம் அதுதான்.

இந்தக் கடிதங்களை வழியில் யாரோ ஒரு துரை திறந்து வாசிக்கிறாராம். வாசிக்கட்டும். அவருக்கும் என் ஸலாம்.

இன்றைக்கு இவ்வளவுதான். விரல் மடங்க மறுக்கிறது.

சனிக்கிழமை

நேற்று ஆட்டுக்குட்டியைப் பற்றியும் பலகையைப் பற்றியும் எழுதிவிட்டேன். எழுத வேண்டியதை எழுதவில்லை. நீ போன கடிதத்தில் ஒன்று கேட்டிருந்தாய். வழக்குப் பேசும் புறக்டர் ஐயா கொண்டுவந்த மகஜரில், வாலிபர்களைச் சட்டம் போட்டுப் பட்டாளத்துக்கு எடுக்க வேண்டும் என்ற மகஜரில், நானும் பெயர் எழுதி ஒப்பம் வைக்க வேண்டும் என்று கேட்டிருந்தாய். அதற்குப் பதில் இந்தக் கடிதத்தில் இருக்கிறது. ஸுஹறாவைக் கொண்டு அதை எழுதுவிக்க முடியவில்லை. ஏன் என்று சொல்லிக்கொண்டு வருகிறேன். நான் மெதுவாக எழுதுகிறவன். நீயும் மெதுவாக வாசி.

கூட்டம் நடந்ததை ஸுஹறா உனக்கு எழுதினாள். ஆனால் பெண்பிள்ளை அந்தக் கூட்டத்தில் இருக்கவில்லை. நான் இருந்தேன்.

மாசி மாதம், பள்ளிக்கூடத்துக் கொட்டகையில் கூட்டம். புறக்டர் ஐயா மன்னாரிலிருந்து ரயிலில் வந்தார். அவர் சொன்னது நியாயமாகத்தான் இருந்தது. சீமையில் வாலிபர் எல்லாரையும் சட்டம் போட்டு எடுக்கிறார்கள், இங்கே விரும்பினவன்தான் போகிறான் என்றார். "விரும்பினவன் எண்டா ஆர்? உலை வைக்க வழியில்லாதவன் விரும்பிறான். உள்ளவன் விரும்பிறேல்லை. சட்டம் வந்தா ரெண்டு பேரும் ஒரே வரிசையில நிப்பினம். போனவன் வீட்டுக்கு வர, இருந்தவன் போய் மாறலாம்" என்றார். கொழும்பில் இப்படி ஒரு பேச்சு அடிபடுகிறதாம். கரையோர ஊர்களும் ஆம் என்றால் பேச்சுக்குப் பலம் சேருமாம்.

நம் வள்ளக்காரச் சந்தியோகு சும்மா இருப்பானா? எழும்பினான். "ஐயா, இது அந்தக் காலத்து ஊழியம்தானே? பேரை மாத்திக்கொண்டு வாறியள்" என்றான். எனக்கும் அதுதான் நினைவுக்கு வந்தது. ஒல்லாந்தர் காலத்தில் நம் ஆட்களைக் கோட்டை வேலைக்குப் பிடித்துக்கொண்டு போவார்களாம். கூலி இல்லை, கேள்வியும் இல்லை. என் வாப்பாவின் வாப்பா அதைச் சொல்லும்போது, யாரோ கேட்டுவிடுவார்கள் என்பது போலக் குரலைத் தாழ்த்துவாராம். பிறகு இங்கிலீஷ்காரன் வந்து அதை நிறுத்தினான். அவனே நிறுத்தியதை அவனே திரும்பக் கொண்டுவருவதா என்று நினைத்தேன்.

சந்தியோகு அதோடு விடவில்லை. "அது கிடக்கட்டும். உங்கட மகன் எங்க, ஐயா? கொழும்பில சப்பாத்துப் போட்டுப் படிக்கிறாரோ?" என்று கேட்டான். கொட்டகை முழுவதும் சிரிப்பு. நானும் சிரித்தேன்.

புறக்டர் ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "என்ர மகன் கப்பல் படையில சேந்திட்டான். ஒரே மகன். வேண்டாமெண்டு சொன்னன், கேக்கேல்லை. தையிலயிருந்து கடிதம் இல்லை" என்றார்.

சந்தியோகு வெளியே போனான். கோபித்துக்கொண்டு போகிறான் என்று நினைத்தோம். அவன் சாஹுல் ஹமீட்டின் கடைக்குப் போய் ஒரு தேத்தண்ணி வாங்கி, இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தான். "குடியுங்கோ ஐயா. நான் ஒரு வாய்த் துடுக்கன்" என்றான். ஐயா வாங்கிக் குடித்தார். அன்றைக்கு யாரும் பெயர் வைக்கவில்லை. யோசித்துச் சொல்லுங்கள் என்றுவிட்டுப் போனார்.

அவரை நீ தப்பாக நினைக்கக்கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதினேன். ஊரை அனுப்பிவிட்டுத் தான் வீட்டில் இருக்க நினைக்கிற மனிதர் இல்லை அவர். தன் வீட்டிலிருந்து ஒருவன் போனதால், மற்ற வீடுகளைப் பார்க்கிறார். நீயும் அங்கேயிருந்து அப்படித்தான் பார்க்கிறாய். எனக்கு விளங்குகிறது.

ஞாயிற்றுக்கிழமை

உன் கடிதம் ஆனி மாதத்தில் வந்தது. நான் அப்போது இந்த அளவுக்கு வாசிக்க மாட்டேன். ஸுஹறா வாசித்தாள். உன் உம்மா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். பக்கீர் மூலையில் இருந்து வலை முடிந்துகொண்டிருந்தான்.

நீ எழுதியதை நான் மறக்கவில்லை. ஊரில் இருக்கும் ஆண்கள் கடையில் இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டு யுத்தம் பேசுகிறார்கள், அவர்களுக்கும் சேர்த்து நாங்கள் இங்கே மண் வெட்டுகிறோம், என் தம்பியும் அவர்களில் ஒருவன் என்று எழுதியிருந்தாய். அந்த இடத்தில் ஸுஹறா நிறுத்திவிட்டாள். பக்கீர் வலையிலிருந்து கண்ணை எடுக்காமல், "நிப்பாட்டாதீங்கோ மதினி. எனக்கு வந்ததையும் வாசியுங்கோ" என்றான். அவள் வாசித்தாள். சட்டம் வரட்டும் வாப்பா, நீங்கள் பெயர் வையுங்கள், ஆட்கள் வந்தால்தான் எங்களை மாற்றி வீட்டுக்கு விடுவார்கள் என்று முடித்திருந்தாய்.

அந்தக் கடைசி வசனத்தை ஸுஹறா இரண்டு தரம் வாசித்தாள். யாரும் திரும்ப வாசிக்கச் சொல்லிக் கேட்கவில்லை.

அதன் பிறகு அவள் என்னிடம் பெயர் வையுங்கோ என்று ஒரு நாளும் சொல்லவில்லை. ஆனால் மணலில் வேறு சொற்கள் எழுதிப் பழகினது குறைந்துபோனது. "உங்கட பேரை வடிவா எழுதிப் பழகுங்கோ மாமா" என்பாள். எழுதினால், "இன்னொருக்கா" என்பாள். நானும் எழுதுவேன். சந்தோசமாகத்தான் எழுதினேன். என் பெயரைப் பார்க்க எனக்கு அவ்வளவு ஆசை. அவள் ஏன் இன்னொருக்கா என்கிறாள் என்பதும் எனக்குத் தெரியும்.

கலியாணம் முடித்து ஆறு மாதம்கூட நீ அவளோடு இருக்கவில்லை. அதற்குமேல் நான் என்ன எழுத.

திங்கட்கிழமை

ஆடி மாதத்தில் இங்கே ஒரு சம்பவம் நடந்தது. அதைச் சொன்னால்தான் என் பதில் உனக்குப் புரியும்.

சோளகக் காற்று முறுகி அடித்த நாள். பகல் லுஹர் தொழுது பள்ளிவாசலை விட்டு வெளியே வந்தோம். கத்தோலிக்கரின் கோயில் மணி அடித்தது. உடனே நம் பள்ளியில் நகரா முரசும் அடித்தது. இரண்டும் ஒன்றாகக் கேட்டால் என்ன என்று உனக்குத் தெரியும். ஆனால் கடிதத்தைத் திறந்து வாசிக்கிற துரைக்குத் தெரியாதே, அவருக்காக எழுதுகிறேன். கடலில் ஒரு வள்ளம் காணாமற்போய்விட்டது என்று அர்த்தம். யாருடைய வள்ளம் என்ற கேள்வி இல்லை. வீட்டுக்கு ஒரு ஆண் இறங்க வேண்டும். இறங்காத வீட்டோடு ஊர் கொண்டான் கொடுத்தான் வைக்காது. அவன் வீட்டு மையத்தைத் தூக்கி அடக்கவும் ஆள் போகாது. ஒரு வீட்டில் ஒருவன் ஏற்கெனவே கடலில் இருந்தால் அந்த வீட்டைக் கேட்பதில்லை. யார் முதலில் மணிக்கயிற்றைப் பிடித்தானோ, நகராவில் கம்பு வைத்தானோ, அவன் முதல் வள்ளத்தில் ஏற வேண்டும். அதனால்தான் எங்கள் ஊரில் ஒருவரும் பொய்யாக மணி அடிப்பதில்லை.

அன்றைக்கு மணி அடித்தவன் சந்தியோகு. காணாமற்போனது அவனுடைய தம்பி எட்வேட்டும் கூட்டாளி ஒருவனும் போன வள்ளம். பாய் கிழிந்து மணல் திட்டுகளுக்கு அப்பால் அள்ளுப்பட்டுப் போனதைக் கரையிலிருந்து கண்டிருக்கிறார்கள்.

சந்தியோகு வீடு வீடாக ஓடினான். நம் வேலிப் படலைக்கு வந்ததும் நின்றான். பக்கீர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வெளியே வந்தான். சந்தியோகு அவனைக் கையால் தடுத்து, "நீ நில். இந்த வீட்டு மூத்தவன், உன்ர காக்கா, கடல் கடந்து நிக்கிறான். இந்த வீட்டைக் கேக்கிறேல்லை" என்றான். காணாமற்போனது அவன் கூடப்பிறந்தவன், வஸீர். ஆள் போதாது என்று ஓடித் திரிகிறவன். அப்போதும் நீ போனதை ஊர்க் கணக்கில் வைத்திருந்தான். நீ அங்கே மண் வெட்டுவதை இங்கே யாரும் நினைப்பதில்லை என்று எழுதியிருந்தாயே, அதனால் இதைச் சொல்கிறேன்.

தேத்தண்ணிக் கடை சாஹுல் ஹமீட்டுக்கு விலக்கு இல்லை. அவர் வீட்டில் வளர்ந்த ஆண் என்று அவர் ஒருவர்தான். வள்ளத்தைக் கண்டாலே தலை சுற்றுகிற மனிதர். "எனக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது, என்னை விடுங்கோ, வேணுமெண்டா எல்லாருக்கும் தேத்தண்ணி ஊத்தித் தாறன்" என்று கத்தினார். யாரும் கேட்கவில்லை. இரண்டு பேர் தோளில் கை போட்டுக் கூட்டிப்போய் வள்ளத்தில் இருத்தினார்கள்.

வள்ளம் தள்ளும் நேரத்தில் பார்க்கிறேன், பக்கீர் இடுப்பளவு தண்ணீரில் நின்று வள்ளத்தின் முன் அணியத்தைப் பிடித்து ஏறுகிறான். சந்தியோகு, "இறங்கடா! உன்ர காக்காதான் உங்கட வீட்டுப் பங்கு!" என்று சத்தம் போட்டான். பக்கீர், "அது காக்காட பங்கு. இது என்ர" என்றான். அதற்குள் அலை தூக்கிவிட்டது.

உன் உம்மா வேலியடியில் நின்று பார்த்தாள். உள்ளே போய்த் தொழுகைப் பாயை விரித்தாள்.

மாலைக்குள் கண்டுபிடித்துவிட்டார்கள், அல்ஹம்துலில்லாஹ். எட்வேட்டும் கூட்டாளியும் கவிழ்ந்த வள்ளத்தைப் பிடித்தபடி ஒரு திட்டின் ஓரத்தில் கிடந்தார்கள். அவர்களை யார் கண்டது தெரியுமா? சாஹுல் ஹமீட். வழி முழுதும் வள்ளத்தின் விளிம்பில் தலையைத் தொங்கப்போட்டு வாந்தி எடுத்துக்கொண்டே போனவர், தண்ணீர் மட்டத்தில் ஒரு கறுப்பைக் கண்டு கை காட்டியிருக்கிறார். நிமிர்ந்து நின்றவர்களுக்கு அலையில் அது தெரியவில்லை. கட்டாயத்தில் போனவர்தான் கண்டார். எனக்குச் சாதகமாக இல்லாவிட்டாலும் இதை உனக்கு மறைக்க மாட்டேன். பக்கீர் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. சவள் துடுப்பு வலித்தான், தண்ணீர் இறைத்தான், இரண்டு நாள் காய்ச்சலாகக் கிடந்தான்.

கரை சேர்ந்ததும் சாஹுல் ஹமீட் சந்தியோகுவின் சட்டையைப் பிடித்துக்கொண்டார். "உன்ர தம்பிக்காக என்ர குடலையே கடல்ல கொட்டிப்போட்டு வாறன்! என்னை ஏன்டா இழுத்தாய்? நான் செத்திருந்தா என்ர பிள்ளையளுக்கு நீ சோறு போடுவியா?" என்று திட்டத் தொடங்கினார். அவர் பேசிய மற்றச் சொற்களை எழுத எனக்கு இன்னும் எழுத்துப் போதாது. சந்தியோகு தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட நின்று, "ஓம் காக்கா, திட்டுங்கோ. திட்டுங்கோ காக்கா" என்றபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். அவர் களைத்துப்போய் நிறுத்தும்வரை அசையவில்லை. பிறகு இரண்டு பேரும் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு அழுதார்கள்.

செவ்வாய்க்கிழமை

நேற்று எழுதியதை இன்று வாசித்துப் பார்த்தேன். நானே எழுதி நானே வாசிப்பது ஒரு தனிச் சுகம்தான். இனிப் பதிலுக்கு வருகிறேன்.

இந்த மாதத் தொடக்கத்தில் புறக்டர் ஐயா திரும்ப வந்தார். நேரே நம் வீட்டுக்கே வந்தார், உன்னைப் போல் ஒரு பிள்ளையைக் கொடுத்த வீடு என்பதால். கதிரையைத் தூசி தட்டிப் போட்டேன். மகனிடமிருந்து கடிதம் வந்ததா என்று கேட்கவில்லை. வந்திருந்தால் முகம் சொல்லியிருக்கும்.

நான் அவருக்கு அந்த வள்ளத்தின் கதையைச் சொன்னேன். "ஐயா, எங்கட ஊரிலயும் கட்டாயம் இருக்கு. நான் இல்லையெண்டு சொல்ல மாட்டன். ஆனா கட்டாயப்படுத்தினவன் அதே தண்ணியில நனைஞ்சுகொண்டு நிப்பான். திட்டினா கேப்பான். கொழும்பில போடுற சட்டத்தை எங்கட பிள்ளையள் ஆரைப் பிடிச்சுத் திட்டுறது?" என்று கேட்டேன்.

அவர் யோசித்தார். பிறகு, "நீங்கள் சொல்லுறது ஒரு ஊருக்குச் சரி. இங்க ஆர் போனான், ஆர் போகேல்லை எண்டு எல்லாருக்கும் தெரியும். நாடு பெரிசு. அங்க ஆருக்கும் ஆரையும் தெரியாது. தெரியாத இடத்தில வெக்கத்துக்குப் பதிலா ஒரு சட்டம் வேணும், இல்லாட்டி நல்லவன் மட்டும்தான் போய்க்கொண்டேயிருப்பான்" என்றார்.

வஸீர், அவர் சொன்னது சரியாகவும் இருக்கலாம். கட்டாயமாகப் போன சாஹுல் ஹமீட் இல்லாவிட்டால் எட்வேட் இன்று இல்லை.

அப்போது முற்றத்தில் நின்ற பக்கீர் வாய் திறந்தான். இரண்டு வருடமாகப் பட்டாளப் பேச்சு வரும்போதெல்லாம் வலையோடு இருந்தவன். "எனக்குச் சட்டம் வேணாம் ஐயா. காக்கா வா எண்டு ஒரு வரி எழுதினா நாளைக்கே போறன். அவர் இதுவரைக்கும் என்னைத் திட்டித்தான் எழுதியிருக்கிறார். கூப்பிட்டு எழுதேல்ல" என்றான்.

உள்கதவுக்குப் பின்னால் ஸுஹறா நிற்பது எனக்குத் தெரியும். அவளுடைய வளையல் சத்தம் அப்போதுதான் நின்றது.

நான் மகஜரை மடித்து ஐயாவிடம் திருப்பிக் கொடுத்தேன். பெயர் வைக்கவில்லை. அவர் கோபிக்கவில்லை. படலை வரை போய், "உங்கட மூத்தவன் நல்லபடியா வந்து சேரவேணும், காக்கா" என்றார். நான், "உங்கட மகனும்" என்றேன்.

ஏன் வைக்கவில்லை என்று கேட்பாய். நீ பட்டாளத்துக்குப் போன அன்று உன்னை நான் அனுப்பவில்லை. நீ போகிறேன் என்றாய், நான் தலையில் கை வைத்து துஆ செய்தேன். என் பிள்ளையையே நான் அனுப்பவில்லை. பின்வீட்டு மதலேனாவின் ஒரே மகன் கடலுக்குப் போய் வந்தால்தான் அந்த வீட்டில் அடுப்புப் புகையும். அவனை அனுப்பும் கடதாசியில் என் கையை எப்படி வைப்பேன்? நியாயம் என்று தோன்றுகிறது. ஆனால் அவள் வந்து என் சட்டையைப் பிடித்தால், நனையாமல் நின்று கேட்கிறவனாக அல்லவா நான் இருப்பேன்.

இந்தப் பதிலால் நீ அங்கே இருக்கும் நாள் கூடும் என்றால் அந்தக் கூடிய நாளும் என் கணக்கில்தான். அதை நான் ஸுஹறாவின் தலையிலும் பக்கீரின் தலையிலும் போட மாட்டேன். ஒரு மகனை வைத்துக்கொண்டு ஒரு மகனை விட்டுவிட்டார் வாப்பா என்று உனக்குத் தோன்றும். எனக்கும் தொழுகையில் சில வேளை அப்படித் தோன்றுகிறது. அப்போது ஸஜ்தாவில் நெற்றியை நிலத்திலிருந்து எடுக்காமல் அதிக நேரம் இருந்துவிடுகிறேன்.

அன்று மாலை ஸுஹறாவைக் கூப்பிட்டு, இதை உனக்கு எழுதச் சொன்னேன். அவள் மைக்கூட்டையும் கடதாசியையும் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். "இதை நான் எழுதினா என்ர கை வேற எழுதிப்போடும் மாமா. நீங்களே எழுதுங்கோ. உங்களுக்கு இப்ப ஏலும்" என்றாள். கோபமா புள்ள என்று கேட்டேன். "கோபமில்ல. என்னைக் கொண்டு எழுதுவிக்காதீங்கோ, அவ்வளவுதான்" என்றாள். அன்றிரவும் மீனில் நல்ல துண்டை எனக்குத்தான் வைத்தாள்.

புதன்கிழமை

இது கடைசிப் பக்கம். நோன்புக்கு முன் தபாலில் சேர்க்க வேண்டும். உறையில் இங்கிலீஷ் விலாசம் மட்டும் ஸுஹறா எழுதித் தருவாள். உள்ளே இருப்பதை வாசிக்க மாட்டேன் என்று சொல்லியிருக்கிறாள். அவள் சொன்னால் சொன்னதுதான்.

ஒரு வேண்டுகோள். அவளுக்கு நீ தனியாக ஒரு கடிதம் எழுது. சட்டத்தைப் பற்றியும் மகஜரைப் பற்றியும் அதில் எழுதாதே. அங்கே என்ன சாப்பிடுகிறாய், எங்கே படுக்கிறாய், எதைக் கண்டு சிரித்தாய் என்று எழுது. அவள் கேட்கமாட்டாள், ஆனால் காத்திருக்கிறாள். உம்மாவுக்கு, கால் வலி எப்படி என்று கேட்டு எழுது. அவள் உன்னை நினைத்து வெற்றிலையை விட்டுவிட்டாள். நான் சொன்னதாகச் சொல்லாதே.

பக்கீரைப் பற்றி. அவன் சொன்னதை ஒரு சொல்லும் கூட்டாமல் குறைக்காமல் எழுதிவிட்டேன். நீ அவனுடைய காக்கா. கூப்பிடவும் உனக்கு உரிமை இருக்கிறது, வேண்டாம் என்று விடவும் உரிமை இருக்கிறது. இதில் நான் உனக்குப் புத்தி சொல்லவில்லை. நீ இருக்கும் இடம் எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியாது, உனக்குத்தான் தெரியும். தம்பி வந்து பக்கத்தில் நிற்க வேண்டிய இடமா, இல்லையா என்று நீயே பார்.

ஆனால் அவனுக்கு எழுதுவதை என் பெயருக்கு எழுது. அவனுக்கு வாசிக்க வராது. இதுவரைக்கும் உன் சொற்களை ஸுஹறாதான் அவனுக்கு வாசித்தாள். அவளை இனி அதற்கு நிறுத்த வேண்டாம். நீ எந்த வரியை எழுதினாலும் எழுது, மகன். வா என்று எழுதினாலும் சரி. நான் எழுத்துக் கூட்டி, என் வாயாலேயே அவனுக்கு வாசித்துக் காட்டுகிறேன்.

என்னைப் படைத்தவன் உன்னையும், உன் பக்கத்தில் படுத்திருக்கும் பிள்ளைகளையும், புறக்டர் ஐயாவின் மகனையும் தன் காவலில் வைத்திருப்பானாக. நீ வருகிற அன்று பியரில் அந்தப் பலகையைத் தாண்டித்தான் வந்து நிற்பேன், யார் தடுத்தாலும். ஆமீன்.

இப்படிக்கு,
உன் வாப்பா
அபூசாலி